கன்னிப்பெட்டியில் ஒரு பெயர்

செத்துப்போன அக்காவின் சேலையைத் தங்கச்சி கட்டுவது நம் வீடுகளில் புதுசில்லை. வளையலைப் போட்டுக்கொள்வாள், கம்மலைப் போட்டுக்கொள்வாள், சில வீடுகளில் அக்கா புருசனையே கட்டிக்கொள்வாள். அதுவும் நடக்கிறதுதான். ஆனால் ஊரே அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, பதினெட்டு வருஷமாக "என்ன?" என்று திரும்பிப் பார்த்த ஒருத்தி உண்டென்றால், அது ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்தெருவில் இருந்த ஐயாதுரையின் பெண்டாட்டிதான். தெருவுக்கு அவள் சுடலையம்மாள். புருசனுக்குச் சுடலி. பெற்றவர்கள் வைத்த பெயர் முத்தாத்தாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் பிடித்தது அந்த வினை. வத்திராயிருப்பிலிருந்து பிளவக்கல் போகிற வழியில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு மாந்தோப்பில் காவலிருந்தார் அவளுடைய அப்பா ஆவுடையப்பன். தாய் இல்லாத வீடு. அக்காள் சுடலையம்மாள் சாந்தமானவள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. முத்தாத்தாள் முகத்தில் அக்காளேதான், குணத்தில் நேர்மாறு. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தாளென்றால் தோப்பில் இருக்கிற குரங்கு மொத்தமும் மலைக்கு ஓடும். "பொட்டப்பிள்ள சீட்டி அடிக்கா பாரு" என்று ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் இருக்கிற தைரியத்தில்தான் மத்தியானம் செத்த நேரம் கண்ணசருவார்.

அக்காளுக்கு ராஜபாளையத்தில் வாழ்க்கை. ஐயாதுரைக்கு மில் வேலை. பத்து மாதக் குழந்தை காஞ்சனாவைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்கத் தோப்புக்கு வந்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. அடைமழை. ஓடை இரு கரையும் தொட்டு ஓடியது. வத்திராயிருப்பு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வழியில்லாமல் தங்கச்சி மடியிலேயே உயிர் போயிற்று. சேதி கேட்டு, தண்ணீர் வடிந்த பிறகுதான் ஐயாதுரையும் அவன் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அந்தம்மாள் சும்மா வரவில்லை. வழியில் ஒரு கோடாங்கியிடம் குறி கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பச்சப்பிள்ளைய விட்டுட்டுப் போன தாய் மலையேற மாட்டா. பிள்ளையத் தேடி வருவா, கூடவே கூட்டிட்டும் போயிருவா. அவளுக்குப் பிள்ளையே இல்லன்னு ஆக்கணும். அவளக் கன்னியா அனுப்பி வையி. தாயா வேறொருத்திய உக்கார வையி."

இதுதான் கோடாங்கி சொன்ன வாக்கு. நாசமாய்ப் போக அந்த வாக்கும் அந்த உடுக்கையும்! செத்தவள் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றினார்கள். முத்தாத்தாளின் பாவாடை தாவணியை அவளுக்கு உடுத்தி, முத்தாத்தாள் என்றே பெயர் சொல்லி அழுது, கல்யாணமாகாத பெண்ணைப் புதைக்கிற முறையில் தோப்போரத்தில் புதைத்தார்கள். கழற்றின தாலியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, உயிரோடு இருந்தவளுக்கு அக்காள் சேலையைச் சுற்றி, ஐயாதுரை கையாலேயே கட்டவைத்தார்கள். சாவை ஏமாற்றியாயிற்றாம். உனக்குச் சம்மதமா என்று ஒரு வாய்வார்த்தை அவளை யாரும் கேட்கவில்லை. அப்பன்காரர் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளாவது வாயைத் திறந்தாளா என்றால், எங்கே திறக்க? காஞ்சனா பசியில் அழுது ஓய்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தது. யார் வாங்கினாலும் மூச்சை அடக்கியது.

மாமியார் ஒரு சத்தியம் மட்டும் செய்துகொடுத்தாள். சூடத்தை அணைத்து, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த சத்தியம். "இந்தப் பிள்ள கழுத்துல தாலி ஏறுததுக்கு முன்னால எல்லாத்தையும் அதுகிட்டச் சொல்லி, உம் பேர உனக்கே குடுத்துருவோம். அதுவரைக்கும் பொறுத்துக்க, தாயி."

ராஜபாளையத்தில் பழைய தெருவைக் காலிசெய்துவிட்டுப் புதுத்தெருவுக்குக் குடிவந்தார்கள். எங்கேயாவது ஒருவர் பார்த்து, "என்ன சுடலி, ஆளே மாறிட்டெ?" என்றால், "விசக்காச்சல் வந்து பொழச்சா" என்று மாமியார் முந்திக்கொள்வாள். முத்தாத்தாள் மெதுவாகப் பேசப் பழகினாள். சீழ்க்கையை விட்டாள். அக்காளுக்குப் பாகற்காய் ஆகாது, இவளுக்கு உயிர். அதையும் விட்டாள். அவளுக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஆனால் காஞ்சனா "ம்மா" என்று ஓடிவந்து காலைக் கட்டும்போது இவளுக்கு வேறெந்தப் பெயரும் வேண்டியிருக்காது. அந்த நேரம் போனதும் மறுபடி நெஞ்சில் அந்தப் பாரம் வந்து உட்கார்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை கன்னிப்பெட்டி. வீட்டில் கல்யாணமாகாமல் செத்த பெண் சாமியாகி வீட்டைக் காப்பாள் என்று, அவளுக்கு ஒரு ஓலைப்பெட்டியில் பாவாடை, தாவணி, ரிப்பன், கண்ணாடி வளையல் எல்லாம் வைத்து வருஷத்துக்கு ஒருமுறை கும்பிடுவது தெற்கத்தி வீடுகளில் வழக்கம். கோடாங்கி சொன்னபடி ஐயாதுரை வீட்டிலும் ஒரு பெட்டி கட்டினார்கள். பெட்டிக்குள் இருந்த கன்னி யார்? முத்தாத்தாள். விளக்கேற்றிப் பணியாரம் சுட்டு, "முத்தாத்தா, எங்களக் காப்பாத்து" என்று கும்பிட்டவள் யார்? அவளேதான். எந்த ஊரிலாவது உண்டா இந்தக் கூத்து, உயிரோடு இருக்கிறவள் தனக்குத் தானே படையல் வைப்பது! முதல் வருஷம் தாவணியை மடித்துவைக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வருஷம் அழுகை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

காஞ்சனாவுக்குச் சின்ன வயசிலிருந்தே பெட்டிக்குள் இருக்கிற சித்தி என்றால் பயபக்தி. பரீட்சைக்குப் போகும்போதும் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவாள். மாமியார் இதற்கிடையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தொண்ணூற்றெட்டில் தெருவுக்குக் கேபிள் வந்தது. பக்கத்து வீட்டு அம்புஜவல்லி தெலுங்கு பேசுகிறவள். டிவி அவள் வீட்டில்தான். பேண்டேஜ் துணி சுற்றிக்கொடுக்கிற வேலையை மடியில் வைத்துக்கொண்டு தெருப்பெண்கள் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். வியாழக்கிழமைதோறும் ஒரு விஞ்ஞானத் தொடர் வந்தது. ஒரு டாக்டர். அவன் பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள். அவள் தலையில் ஒயரை மாட்டி, அவள் நினைப்பு, பாசம், கோபம் எல்லாவற்றையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடுகிறான். அவள் செத்துப்போகிறாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அவள் முகம் தெரிகிறது, பேசுகிறது, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து "அம்மா" என்று கதை பேசுகிறாள்.

இரண்டு மூன்று வாரம் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்தார்கள். பிறகு ஒரு வாரம், பெட்டிக்குள் இருக்கிறவள் எதிர்ச் சுவரில் மாலை போட்டிருக்கிற தன் படத்தையே பார்த்துவிடுகிறாள். "அப்போ செத்தது யார்? இங்கே இருக்கிற நான் யார்? என்னை இதுக்குள்ளே போட்டீங்களே, என்னைக் கேட்டீங்களா?" என்று அலறுகிறாள். முத்தாத்தாள் கையிலிருந்த துணிச்சுருள் உருண்டு வாசல்வரை ஓடியது. அவள் எடுக்கவில்லை.

விளம்பரம் போட்டதும் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது.

"அய்யோ ராமா, இதுல அலற என்ன இருக்கு?" என்றாள் அம்புஜவல்லி. அவள் மாசம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருகிறவள். "ஆண்டாள் தாயார் கையில இருக்கிற கிளிய தினம் இலையில புதுசாத்தான கட்டுதாக? நேத்துக் கிளி வேற, இன்னைக்குக் கிளி வேறன்னா பாக்கோம்? தாயார் கையில இருந்தா அதான் கிளி. பிள்ளைக்கு ஒரு அம்மா இருக்கால்ல, போதும்."

"அது இலை, அக்கா. இலைக்கு மனசு உண்டா?" என்றாள் காஞ்சனா. பிளஸ்டூ முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தாள். தெருவில் அந்த விஷயத்துக்கு அவள்தான் அத்தாரிட்டி. "பெட்டிக்குள்ள இருக்கவளுக்கு வலிக்குதுல்ல? வலிக்குதுன்னா அவளும் ஒரு ஆளுதான். ஒரு ஆளை இன்னொரு ஆளா இருன்னு சொல்ல டாக்டருக்கு என்ன அதிகாரம்?"

முத்தாத்தாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வளர்த்த பிள்ளை தனக்காகவே வக்காலத்து வாங்குகிற மாதிரி இருந்தது. அவளை அப்படியே அள்ளிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாள் காஞ்சனா சென்டரிலிருந்து ஒரு ஃபிளாப்பியைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். கறுப்பாக, உள்ளங்கை அளவில் ஒரு சதுரம். முத்தாத்தாள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு ஆளோட நெனப்ப இதுல ஏத்திரலாமாட்டி?"

"ஒரு ஆளா? இதுல ஒரு பாட்டே அடங்காது. ஒரு ஃபிளாப்பியில இருக்கத இன்னொண்ணுல ஏத்தலாம், அம்புட்டுதான்."

"அந்த இன்னொண்ணுல முன்னாடியே எதாச்சும் இருந்தா?"

"அழிஞ்சிரும்மா. அதுக்கு மேலதான் எழுதும்."

முத்தாத்தாள் ஃபிளாப்பியைத் திருப்பிப் பார்த்தாள். "அழியுதது என்னன்னு பாக்க மாட்டியளா?" என்றாள்.

"கம்ப்யூட்டர் கேக்கும்மா. பழசு ஒண்ணு இருக்கு, அழிச்சிரவான்னு ஒரு தடவ கேக்கும். நாமதான் அவசரத்துல ஆமான்னு தட்டிருவோம்."

"மெஷின் கேக்குமா!" என்றாள் முத்தாத்தாள். காஞ்சனா சிரித்தாள். இந்த அம்மாவுக்கு எதற்கெல்லாம்தான் ஆச்சரியம் வருமோ என்று சிரித்தாள். ஊரில் அத்தனை பேரும் டாக்டர் பெண்டாட்டிக்காக அழுதார்கள், பெட்டிக்குள் இருந்தவளுக்காகக்கூட வழக்காடினார்கள். அழிந்துபோன பழைய எழுத்தைப் பற்றிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். உயிரில்லாத மெஷினுக்கு இருந்த நாகரிகம் பெற்ற அப்பனுக்கு இல்லாமல் போயிற்றே என்று அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஆறவில்லை.

சொல்லிவிடலாம் என்று துணிந்தாள். அடுத்த வியாழன் தொடர் முடிந்து வீட்டுக்கு வந்து, காஞ்சனாவுக்குத் தலை பின்னிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏட்டி, அந்தத் தொடர்ல வார பிள்ளைக்கு, அது அம்மா இல்லன்னு சொல்லிறலாமா?"

"சொல்லணும்மா. கண்டிப்பாச் சொல்லணும். இல்லன்னா அது ஏமாத்து." காஞ்சனா பட்டென்று சொன்னாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து இவள் மடியில் வைத்துக்கொண்டு, "ஆனா எங்கிட்ட ஒருத்தர் வந்து அப்பிடிச் சொன்னாவன்னு வையி, நான் செத்தே போவேன்" என்றாள்.

முத்தாத்தாள் பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். வாய்வரை வந்தது வயிற்றுக்குள் போய்விட்டது.

தொண்ணூற்றொன்பது தையில் வரன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் தங்கமானவன். காஞ்சனாவுக்கும் பிடித்திருந்தது. பரிசம் போட்டுவிட்டுப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா, "தாய் தகப்பன் ரெண்டு பேரும் மணவறையில நின்னு தாரைவார்த்துக் குடுக்க வீடா அமையணும்னு வேண்டிக்கிட்டேன், அமைஞ்சிருச்சு" என்றாள். ஐயாதுரை முகம் பூரித்துப்போனது. முத்தாத்தாள் அவர்கள் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தாள்.

"இங்க பாருங்க. கழுத்துல தாலி ஏறுததுக்கு முன்னால சொல்லிருதோம்னு அத்த சத்தியம் பண்ணாவ. நீங்களும் பக்கத்துல இருந்திய."

"என்ன சொல்ல?"

"நான் யாருன்னு."

ஐயாதுரை கெட்டவன் இல்லை. கைநீட்டி ஒருநாள் அடித்ததில்லை. பயந்த மனுசன், அவ்வளவுதான். பயந்தவன் செய்கிற கெடுதல் கெட்டவன் செய்வதைவிட அதிக நாள் நிற்கும். "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?" என்றான். "சம்பந்தக்காரவ காதுல விழுந்தா கல்யாணம் நிக்குமா? இல்ல, எங்கம்மா செத்துப்போயிட்டான்னு அழுதுக்கிட்டே அது மணவறையில உக்காரணுமா? இம்புட்டு வருசம் ஆச்சு. சோத்துக்குக் குறையா, துணிக்குக் குறையா?"

"பேருக்குக் குறை."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். திரும்பிப் பார்க்காமலே, "சத்தியமாச் சொல்லுதேன், நீ வேற ஆளுங்கிறதே எனக்கு மறந்துபோச்சுட்டி" என்றான். அவளைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னான். அவள் அடுப்படிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கன்னி கும்பிட வேண்டும். சாயங்காலமே சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஐயாதுரையின் பெரியப்பா கருத்தையா தேவதானத்திலிருந்து வந்திருந்தார். வீட்டுச் சாமி காரியமெல்லாம் அவர்தான் முன்னால் நின்று நடத்துவார். உண்மை எதுவும் அவருக்குத் தெரியாது. ஓலைப்பெட்டியை இறக்கி, புதுப் பாவாடை தாவணி விரித்து, பூச்சரம் சுற்றி, சாம்பிராணி போட்டார். முத்தாத்தாள் அடுப்படியில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். தன் படையலுக்குத்தான்.

"கல்யாணப் பொண்ணு வாய் திறந்து கூப்பிடட்டும். அப்பத்தான் கன்னி எறங்கும்" என்றார் கருத்தையா.

காஞ்சனா பெட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். "சித்தி... முத்தாத்தா சித்தி... நீ எங்க இருந்தாலும் வா. என் கல்யாணத்த நீதான் நின்னு நடத்திக் குடுக்கணும். முத்தாத்தா சித்தி, வந்துரு."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு குரல் அந்தப் பெயரை ஆசையாகக் கூப்பிடுகிறது! அதுவும் யாருடைய குரல்! அடுப்படியில் இருந்தவள் யோசிக்கவே இல்லை. தோப்புக்குள் இருக்கும்போது அப்பா கூப்பிட்டால் எப்படிக் குரல் கொடுப்பாளோ அப்படி, வீடே அதிர, "இந்தா வாரேன்!" என்றாள்.

எல்லாரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒரு பெண் குலவை போட்டாள். அடுத்தவள் போட்டாள். வாசலில் நின்ற அம்புஜவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முத்தாத்தாள் கரண்டியும் கையுமாக நிலைப்படியில் வந்து நின்றபோது கூட்டம் மொத்தமும் அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"வந்திருக்கது யாரு?" என்று கேட்டார் கருத்தையா.

"நான்தான். முத்தாத்தா."

"அடையாளம் சொல்லணும் தாயி."

அவள் ஐயாதுரையைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துப்போய் நின்றான். அவள் கரண்டியைக் கீழே போட்டாள். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தாள் பாருங்கள், தெருநாய் அத்தனையும் குரைத்தன, பரணில் இருந்த பூனை குதித்து ஓடியது. மெதுவாகப் பேசுகிற சுடலையம்மாளைத்தானே அந்தத் தெரு பார்த்திருக்கிறது? எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. கன்னியேதான், சந்தேகமே இல்லை என்று கருத்தையா திருநீற்றை அள்ளி அவள் நெற்றி நிறையப் பூசினார்.

"நான் சாகல" என்றாள் அவள்.

"கன்னிக்குச் சாவு ஏது, தாயி!"

"நெசமாச் சொல்லுதேன், நான் சாகல. இந்த வீட்டுக்குள்ளயேதான் இருக்கேன். இத்தன வருசமா இருக்கேன். ஒருத்தரும் என்னையப் பாக்கல."

"எங்க கூடவே இருக்காளாம், கேட்டியளா!" என்று பெண்கள் உருகி அழுதார்கள். மறுபடி குலவை. உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்கள் கும்பிட்டார்கள். அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் அது சாமியின் வாக்காகத்தான் போய்ச் சேரும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. ஆனால் இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. அதைச் சொன்னால் ஒருவருமே கும்பிட மாட்டார்கள். தோப்போரத்தில் கிடப்பது யார் என்கிற வார்த்தை. அவள் காஞ்சனா பக்கம் திரும்பினாள். "ஏத்தா, அங்க பொதச்சது..." என்று வாயெடுத்தாள்.

காஞ்சனா ஓடிவந்து அவள் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். பத்து மாதத்தில் கழுத்தைக் கட்டிக்கொண்ட அதே பிடி.

"சித்தி, போதும் சித்தி! எங்கம்மா உடம்ப விட்டு எறங்கிரு! அவ தாங்க மாட்டா, செத்துப்போவா. உனக்கு என்ன வேணும்னாலும் செய்தேன். எனக்கு எங்கம்மா வேணும் சித்தி, எங்கம்மாவக் குடுத்துரு!"

முத்தாத்தாள் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் உடம்பு தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சாமி என்று நினைத்து ஆடவில்லை. அம்மா போய்விடுவாளோ என்று ஆடியது.

"நான் போகட்டா?" என்று கேட்டாள்.

"போயிரு சித்தி."

"போனா இனி வரமாட்டேன்."

"வரவேண்டாம் சித்தி. போயிரு."

இந்தத் தடவை, அழிச்சிரவா என்று கேட்டவளும் அவள்தான். ஆமாம் என்று சொன்னது அவள் ஊட்டி வளர்த்த வாய்.

"சரித்தா. போறேன்" என்றாள். சாமி மலையேறும்போது எப்படி விழுவார்களோ அப்படிப் பார்த்துப் பார்த்து, பிள்ளைமேல் படாமல், தரையில் சாய்ந்தாள். ஐயாதுரை சூடத்தட்டை வாங்கி அவசரமாகச் சுற்றி, "மலையேறிட்டா, மலையேறிட்டா" என்றான். கருத்தையா பாவாடை தாவணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

காஞ்சனா அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "ம்மா, இங்க பாரும்மா. நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது."

"நீ யாருன்னு தெரியுதா?"

அவள் மூடின பெட்டியைப் பார்த்தாள். அடுப்படியில் பணியாரம் கருகுகிற வாடை வந்தது. ஐயாதுரை குனிந்து, "சுடலி" என்று கூப்பிட்டான்.

"என்ன?" என்று திரும்பிப் பார்த்தாள்.